வகுப்பில் ஒரு நாவலை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு முழு நாவலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டுகிறேன் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒருமுறை வாய்விட்டேன். அன்றிலிருந்து தேநீர் இடைவேளை எனக்கு இல்லை. யாராவது ஒருவர் டம்ளரோடு வந்து பக்கத்தில் நிற்பார். கேட்பவர்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

எடுத்துக்காட்டுக்கெல்லாம் ஒரே புத்தகம்தான்: டெட்சுகோ குரோயானாகி எழுதிய 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'. மூன்று வருடம் மூன்று வகுப்புக்கு முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்கிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சேட்டை தாங்காமல் ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, டோக்கியோவில் டோமோயி என்ற இன்னொரு பள்ளியில் சேர்கிறாள். அங்கே வகுப்பறைகளே பழைய ரயில் பெட்டிகள்தான். மொத்தம் ஐம்பது பிள்ளைகள் இருப்பார்கள். கோபயாஷி என்று ஒரு தலைமையாசிரியர். நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்.

ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கதை சொன்னால் போதாதா? நாவல் எதுக்கு?

சின்னக் கதையும் வேண்டும்தான். ஆனால் அது அன்றைக்கே முடிந்துவிடும். நாவல் பாதியில் நிற்கும். போலியோவால் கால் வளைந்த யாசுவாகி என்ற பையன் மரத்தில் ஏறினானா இல்லையா என்பதைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், ராத்திரி யோசித்து, காலையில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும். ஒரு ஆளோடு இரண்டரை மாதம் பழகுவது ஐந்து நிமிடக் கதையில் நடக்காது.

நமக்கு இது புதுசும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும்போது எழுத்துத் தெரியாதவர்களும் நாள்கணக்காக வந்து உட்கார்ந்து கேட்டார்கள். 1950களில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்தில், வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். யாரும் அவர்களுக்குச் சுருக்கிச் சொல்லவில்லை.

நான் நன்றாகவே கதை சொல்வேன். படித்துக் காட்டினால் என்ன கூடுதல்?

கதை சொல்லும்போது பிள்ளைக்குக் கிடைப்பது உங்கள் சொற்கள். படித்துக் காட்டும்போது புத்தகத்தின் சொற்கள் கிடைக்கும். நீங்களும் நானும் வகுப்பில் பேசும் சொற்களை எண்ணிப் பார்த்தால் 'உட்காரு', 'பேசாதே', 'நோட்டை எடு' என்று நின்றுவிடும். நீளமான ஒரு வாக்கியம் தொடங்கி, நடுவில் திரும்பி, கடைசியில் வினைச்சொல்லில் வந்து உட்காரும் அந்த ஓட்டத்தைப் பிள்ளை காதால் கேட்டிருந்தால்தான் பிறகு கண்ணால் பிடிக்கும்.

இன்னொன்று, இந்தச் சத்தமெல்லாம் அந்தத் தாளிலிருந்து வருகிறது என்பதைப் பிள்ளை பார்க்கிறது. என் வகுப்பில் ஒருத்தி முதல் வாரம் சந்தேகப்பட்டாள்: "டீச்சர் சும்மா அடிச்சு விடுறாங்க." பக்கத்தைக் காட்டினேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "அட, இருக்கு" என்று போய் உட்கார்ந்தாள்.

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?

மூன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவத்திலிருந்து. ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குப் படக்கதைகள்தான் சரி. ஈராசிரியர்ப் பள்ளியில் எல்லாரும் ஒரே அறையில் இருந்தால் எல்லாருக்கும் சேர்த்தே படியுங்கள். சின்னவர்கள் நடுவில் எழுந்து போவார்கள், திரும்பி வருவார்கள். விட்டுவிடுங்கள்.

என் வகுப்பில் பாதிப் பேர் அரும்பு நிலையில்தான் இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டவே வராத பிள்ளைக்கு நாவல் படிப்பது அநியாயம் இல்லையா?

படிக்காமல் விடுவதுதான் அநியாயம். வாசிப்பை வைத்து நாம் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளெல்லாம் கண்ணுக்கும் எழுத்துக்கும் போட்ட கணக்கு. காதுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பத்து வயசுப் பிள்ளையின் காதுக்குப் பத்து வயசு. அதன் கையில் நாம் கொடுக்கும் வாசிப்பு அட்டைக்கு ஆறு வயசு. நாள் முழுக்க 'பட்டம்', 'மரம்', 'ஆடு' என்றே வாசித்துக்கொண்டிருந்தால், புத்தகத்துக்குள் இவ்வளவுதான் இருக்கிறது என்று அது முடிவுகட்டிவிடும். அப்புறம் ஏன் அது சிரமப்பட்டு எழுத்துக்கூட்ட வேண்டும்?

நாவல் படிக்கும் இருபது நிமிடத்தில் யார் மலர், யார் அரும்பு என்று தெரியாது. டோட்டோ-சானின் பர்ஸ் கழிப்பறைக் குழிக்குள் விழும் அத்தியாயத்தில், "அவளுக்கு ஏன் சார்ட்ட பர்ஸ் தொலைஞ்சதைச் சொல்லணும்னு தோணலை?" என்று கேட்டது என் வகுப்பில் எழுத்தே கூடாத பையன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

சரி, எந்தப் புத்தகம்? ஏன் டோட்டோ-சானையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

முதல் காரணம் மிகச் சாதாரணமானது. அத்தியாயங்கள் சின்னவை, பெரும்பாலும் மூன்று நான்கு பக்கம். அறுபது அத்தியாயங்களுக்கு மேல் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஏதாவது நடந்து முடியும். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. இரண்டாவது காரணம், அது பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே அலுவலகம் அதுதான்.

இதையேதான் படிக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் புத்தகத்தை முதலில் வீட்டில் தனியாக வாய்விட்டு ஐந்து பக்கம் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அது கண்ணுக்கு எழுதிய புத்தகம், வகுப்புக்கு ஆகாது. நான் முதல்முறை எடுத்த புத்தகம் அப்படித்தான். மலையும் காடுமாக வர்ணனை, பேச்சே வராது. எட்டாம் நாள் பாதி வகுப்பு தூங்கியது. மூடி வைத்துவிட்டேன். பாதியில் விடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

அது நாவலே இல்லையே, ஆசிரியரின் சொந்தக் கதைதானே?

உண்மை. குரோயானாகி தன் சிறுவயதை எழுதிய புத்தகம் அது, ஜப்பானில் 1981-இல் வந்தது. ஆனால் எழுதியிருக்கும் விதம் நாவலுக்குரியது: 'நான்' என்று வராது, 'டோட்டோ-சான்' என்று ஒரு பாத்திரமாகத்தான் வரும். அதனால் நாவல் போலவே படிக்கிறேன். உண்மைக் கதை என்பதை முதல்முறை முதல் நாளே சொல்லிவிட்டேன். இப்போது பாதி புத்தகம் தாண்டிய பிறகுதான் சொல்கிறேன். அந்தக் குண்டு ஒவ்வொரு வருடமும் நன்றாக வெடிக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? எப்போது முடியும்?

இருபது நிமிடம். ஒரு அத்தியாயம், சின்னதாக இருந்தால் இரண்டு. விடுமுறை, தேர்வு, மழை எல்லாம் போக எனக்கு இரண்டரை மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு நாள் இடைவெளியில் கதை ஆறிப்போய்விடும், பிறகு சூடுபண்ணவே கால் மணி நேரம் போகும்.

பாடம் முடிக்கவே நேரமில்லை. இருபது நிமிடத்துக்கு எங்கே போவது?

மதியச் சாப்பாடு முடிந்த உடனே. அந்த நேரத்தில் நாம் நடத்தும் கணக்கு யார் தலையிலும் ஏறுவதில்லை என்பது நமக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். கை கழுவிவிட்டு வந்து உட்காருவதற்கே பத்து நிமிடம் ஆகும் வகுப்பு, கதை இருக்கிறது என்றால் மூன்று நிமிடத்தில் உட்கார்ந்துவிடும். ஏழு நிமிடம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் வைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கையில் புத்தகம் இருந்தால் முன்னால் படித்துவிட்டு முடிவைச் சொல்லும் ஒருவன் இருப்பான். படிக்க வராதவன் பக்கத்தைத் தேடிக்கொண்டே கதையைத் தவறவிடுவான். உங்களிடம் ஒன்று, வகுப்பு அலமாரியில் ஒன்று, ஆக இரண்டு போதும். அலமாரிப் பிரதியில் படித்து முடித்த பக்கம்வரை ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். அதற்கு முந்தியதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

புத்தகம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. அப்படியே படிப்பதா, பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்வதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானும் அதிகம் தடுமாறியது இங்கேதான். முதல் வருடம் கண்ணால் எழுத்துத் தமிழைப் பார்த்து வாயால் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். 'நின்றுகொண்டிருந்தாள்' என்பது 'நின்னுக்கிட்டு இருந்தா' ஆகிவிடும். பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள், நன்றாகக் கேட்டார்கள். ஆனால் அலமாரிப் பிரதியை எடுத்துப் படித்தவர்கள் குழம்பினார்கள். காதில் விழுந்தது ஒன்று, தாளில் இருப்பது வேறு. அப்போதுதான் நான் செய்தது படித்துக் காட்டல் இல்லை, மொழிபெயர்ப்பு என்று புரிந்தது.

பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. நம் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் வாசிக்கத் தொடங்கும்போது எழுத்தை மட்டும் கற்கவில்லை. வீட்டில் யாரும் பேசாத ஒரு தமிழையும் கூடவே கற்கிறது. 'வருகிறார்கள்' என்று அம்மா சொல்லி அது கேட்டதில்லை. அந்தத் தமிழ் காதுக்குப் பழகாமல் கண்ணுக்கு மட்டும் வந்தால் அந்நிய மொழி மாதிரிதான். காதுக்குப் பழக்க நமக்கு இருக்கும் நல்ல வழி கதைதான். அதனால் இப்போது எழுதியிருப்பதை எழுதியபடியே படிக்கிறேன். முதல் வாரம் மட்டும் ஒரு சலுகை: அத்தியாயம் தொடங்கும் முன் என்ன நடக்கப்போகிறது என்று இரண்டு வரி பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவேன். இரண்டாம் வாரத்திலிருந்து அதுவும் இல்லை.

படிக்கும்போது செய்தி வாசிப்பவர் மாதிரி விறைப்பாகப் படிக்காதீர்கள். சொல்லை மாற்றக் கூடாது, குரலை மாற்றலாம். உரையாடல் வரும்போது அந்த ஆள் பேசுவது மாதிரி இழுத்தும் விட்டும் படித்தால் எழுத்துத் தமிழும் வாயில் நன்றாகவே உருளும். ஐந்தாம் வாரம் வாக்கில் மைதானத்தில் கேட்டேன்: "அப்படியானால் நீதான் அவுட்." சொன்னவனுக்கு அது புத்தகச் சொல் என்றே தெரியாது.

எனக்கே ழகரம் சரியாக வராது. நான் படித்துக் காட்டலாமா?

படியுங்கள். 'ழ' வராத ஆசிரியர் படித்துக் கேட்ட பிள்ளைக்கு ஒரு எழுத்துதான் குறையும். யாரும் படிக்காத பிள்ளைக்கு எல்லாமே குறையும். முதல் நாள் இரவு அந்த அத்தியாயத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இது எல்லாருக்கும் பொருந்தும். எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நம் ஊர்ப் பெயராக மாற்றிவிடலாமா?

வேண்டாம். நமக்குத்தான் நுழையவில்லை, பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். 'சான்' என்பது செல்லமாகச் சேர்க்கும் ஒட்டு, நாம் 'குட்டி' என்று சேர்ப்பது போல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தச் சிறுமியின் பெயர் டெட்சுகோ. 'டெட்சுகோ-சான்' என்று எல்லாரும் கூப்பிட்டது அவள் காதில் 'டோட்டோ-சான்' என்று விழ, சான் என்பதும் தன் பெயர்தான் என்று நினைத்துக்கொண்டாள். இதைச் சொன்ன அன்று என் வகுப்பில் எல்லாரும் சானாகிவிட்டார்கள். சத்துணவு ஆயாவைக்கூட ஒருத்தி 'லட்டு-சான்' என்று கூப்பிட்டாள். ஆயா கோபித்துக்கொள்ளவில்லை.

புரியாத சொல் வந்தால் நிறுத்தி விளக்க வேண்டுமா?

அந்தச் சொல் இல்லாவிட்டால் கதையே புரியாது என்றால் மட்டும், அதுவும் ஒரே மூச்சில். 'கழிவுக் குழி, அதாவது கக்கூஸ் தொட்டி' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். ஒரு சொல் நாலு இடத்தில் வந்தால் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும், நாமும் அப்படித்தான் தமிழ் கற்றோம்.

படித்து முடித்ததும் கேள்வி கேட்கலாமா? தேர்வு?

தேர்வு வேண்டவே வேண்டாம். முதல் வருடம் ஆர்வக் கோளாறில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் கொடுத்தேன். 'டோட்டோ-சானின் நாயின் பெயர் என்ன?' என்று கேட்டு வைத்தேன். மறுநாள் படிக்கத் தொடங்கியதும் மூன்று பேர் நோட்டை எடுத்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். கதை கேட்கும் முகம் போய்விட்டது, தேர்வு முகம் வந்துவிட்டது. அதைத் திரும்ப மாற்ற எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

கேள்வி கேட்பதென்றால் உங்களுக்கே விடை தெரியாததைக் கேளுங்கள். டோட்டோ-சானின் பர்ஸ் பள்ளிக் கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் நீளக் கரண்டியால் குழியிலிருந்து எல்லாவற்றையும் அள்ளி வெளியே குவிக்கிறாள். அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் திட்டவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். 'அவர் ஏன் திட்டவில்லை?' என்று கேட்டேன். இருபது நிமிடம் பேசினார்கள். திட்டியிருந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருப்பாள், யார் சுத்தம் செய்வது என்றான் ஒருவன். நான் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

கற்பித்தல் என்று சொல்கிறீர்கள். வெறுமனே படித்துவிட்டுப் போனால் என்ன கற்பித்தோம்?

கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் என்று பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது கோபயாஷியின் வழக்கம். அந்த அத்தியாயத்துக்கு மறுநாள் என் வகுப்பு சத்துணவுத் தட்டை வைத்துக்கொண்டு கடலைத் தேடியது. சோறு, சாம்பார், முட்டை. கடலைக் காணோம். கடைசியில் ஒருத்தி, "உப்பு கடல்லேருந்துதானே டீச்சர்" என்றாள். பருப்பு எங்கே விளைகிறது, முட்டை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அது ஆயாவிடம் விசாரணையாகப் போனது. நான் எதுவும் நடத்தவில்லை. சூழ்நிலையியலில் அந்த ஒரு பாடத்தை நடத்தும் வேலை எனக்கு மிச்சமானது.

எல்லா அத்தியாயத்துக்கும் இப்படி நடக்காது. நடக்காத நாளில் வலுக்கட்டாயமாக எதையும் ஒட்டவைக்காதீர்கள்.

இரண்டு பேர் கேட்பதே இல்லை. தரையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

கோடு போடட்டும். கை வேலை செய்யும்போது காது நன்றாக வேலை செய்யும் பிள்ளைகள் உண்டு. சந்தேகமாக இருந்தால் மறுநாள் 'நேற்று எங்கே விட்டோம்?' என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் கோடு போட்டவன்தான் சரியாகச் சொல்வான். அடுத்தவனைத் தொந்தரவு செய்தால் மட்டும் பக்கத்தில் போய் நின்றபடி படியுங்கள், பெயர் சொல்லி நிறுத்த வேண்டாம்.

நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு?

மற்றவர்கள் சொல்வார்கள். அதுதான் அன்றைய சிறந்த பயிற்சி. அலமாரிப் பிரதியும் இருக்கிறது, ரப்பர் பேண்டைப் பற்றி மேலே சொன்னேன்.

இதனால் வாசிப்பு வருமா, வராதா? நேராகச் சொல்லுங்கள்.

எழுத்து வராது. எழுத்தைத் தனியாகத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். படித்துக் காட்டுவதை அதற்கு மாற்றாக வைக்காதீர்கள். ஆனால் எழுத்து ஓரளவு தெரிந்து, வாக்கியத்தில் திணறும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஏற்கெனவே காதால் கேட்ட அத்தியாயத்தைக் கையில் எடுத்தால் அடுத்து என்ன சொல் வரும் என்று பாதி தெரிந்திருக்கும். பாதியைக் காது சொல்லும், மீதியைக் கண் பிடிக்கும். என் வகுப்பில் மொட்டு நிலையிலிருந்த ஒருவன் முதன்முதலாகத் தானே முழுதாகப் படித்தது அந்தக் கழிப்பறை அத்தியாயத்தைத்தான். நான்கு நாள் எடுத்துக்கொண்டான். சத்தமாகவே படித்தான், எங்களுக்கும் வேறு வழியில்லை.

ஆய்வுக்கு வந்தவர் 'பாடத்திட்டத்தில் இது எங்கே இருக்கிறது' என்று கேட்டால்?

பாடக்குறிப்பில் எழுதி வையுங்கள். தமிழில் கேட்டல் திறன் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நாம் உருப்படியாக எதுவும் செய்வதில்லை. என்னிடம் ஒருமுறை ஒருவர் முகம் சுளித்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு மிச்ச ஐந்து நிமிடத்தையும் படித்து முடித்தேன். போகும்போது அந்தப் பையன் மரத்தில் ஏறினானா என்று கேட்டார்.

பிள்ளைகள் துணியில்லாமல் நீந்தும் அத்தியாயம் இருக்கிறதே. அதை எப்படி வகுப்பில் படிப்பது?

டோமோயியில் நீச்சல் உடை கட்டாயம் இல்லை, பெரும்பாலான பிள்ளைகள் உடையில்லாமலே நீந்துவார்கள். ஆண், பெண் உடல் வேறுபாட்டை மறைத்து மறைத்துப் பார்ப்பது நல்லதல்ல என்பது கோபயாஷியின் எண்ணம். போலியோவால் கால் கை வளைந்த யாசுவாகி-சான், வளர்ச்சி நின்றுபோன தாகாஹாஷி போன்றவர்கள் தங்கள் உடலைப் பார்த்து வெட்கப்படக் கூடாது என்பது அதைவிட முக்கியமான காரணம்.

நான் முழுதாகவே படித்தேன். முதல் வரியில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்வரை நிறுத்திவிட்டு, முகத்தை மாற்றாமல் தொடர்ந்தேன். காரணம் சொல்லும் இடம் வந்ததும் சிரிப்பு தானாக அடங்கியது. என்றாலும் இதில் உங்கள் ஊரையும் பெற்றோரையும் உங்களுக்குத்தான் தெரியும். தயக்கம் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லை, இந்த ஒன்றை விட்டுவிடுவது என்று முடிவு செய்தால், 'இதை நான் வகுப்பில் படிக்கப்போவதில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

யாசுவாகி-சான் இறந்துபோகிறான். சின்னப் பிள்ளைகளிடம் சாவைப் படிக்க வேண்டுமா?

முதல் வருடம் படிக்கவில்லை. பூசாமல் சொல்கிறேன், எனக்குப் பயம். அந்த வகுப்பில் அந்த வருடம் அப்பாவை இழந்த ஒரு பையன் இருந்தான். அவனுக்காக விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தைப் புரட்டி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து அவனே அலமாரிப் பிரதியோடு வந்து நின்றான். "டீச்சர், இதை ஏன் படிக்கலை? யாசுவாகி-சான் செத்துட்டானே." ஏமாற்றிவிட்டீர்களே என்பது போல அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு ஒரு பக்கத்தைக்கூட ரகசியமாகத் தாண்டியதில்லை.

இப்போது படிக்கிறேன். வெள்ளிக்கிழமை படிக்க மாட்டேன், மறுநாள் பள்ளி இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் படிப்பேன். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்த பிள்ளை இருந்தால் முன்தினமே தனியாகச் சொல்லிவிடுவேன், வெளியே இருக்க வேண்டுமா என்றும் கேட்பேன். இதுவரை யாரும் போனதில்லை. படித்து முடித்ததும் எதுவும் பேசுவதில்லை, கேள்வியும் இல்லை. அவனை மரத்தில் ஏற்ற அவள் ஏணியை இழுத்துவந்து பட்ட பாட்டை முன்னால் கேட்டவர்கள்தானே. யாராவது அழுதால் அழட்டும், எனக்கும் ஒவ்வொரு முறையும் குரல் உடைகிறது.

மஸாவ்-சான் அத்தியாயத்தில் இனத்தைச் சொல்லித் திட்டுவது வருகிறது. நம் வகுப்பில் அது வேறு மாதிரி போய்விடாதா?

போகும். அதற்காகவே படிக்க வேண்டும். கொரியாவை ஜப்பான் 1910 முதல் 1945 வரை ஆண்டது. ஜப்பானில் வாழ்ந்த கொரியர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள். மஸாவ்-சான் ஒரு கொரியச் சிறுவன். அவன் டோட்டோ-சானைப் பார்த்து 'கொரியாக்காரி' என்று கத்துகிறான். எல்லாரும் தன்னை அப்படிக் கத்தியே கேட்டுப் பழகியதால் அது ஒரு வசைச்சொல் என்று நினைத்திருக்கிறான். தன் இனத்தின் பெயர் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதை மகளுக்கு விளக்கும்போது அம்மாவின் கண் கலங்குகிறது.

நம் ஊரில் எந்தப் பெயர்கள் இப்படி வசையாகிக் கிடக்கின்றன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மைதானத்தில் அவை காதில் விழாத வாரம் இல்லை. ஆனால் படித்துவிட்டு 'நீங்களும் இப்படித்தானே செய்கிறீர்கள்' என்று வகுப்பின் பக்கம் விரலைத் திருப்பாதீர்கள். திருப்பினால் அந்தப் பெயருக்குரிய பிள்ளையை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்களே அவனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். படியுங்கள், நிறுத்துங்கள். என் வகுப்பில் அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மைதானத்தில் ஒருவன் வாயைத் திறந்தபோது இன்னொருத்தி, "டேய், மஸாவ்-சான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிள்ளைகள் 'நம்ம ஸ்கூல் மட்டும் ஏன் டீச்சர் அப்படி இல்லை' என்று கேட்டால்?

கட்டாயம் கேட்பார்கள். இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாமா, பிடித்த பாடத்தை முதலில் செய்யலாமா, நமக்கு ஏன் ரயில் பெட்டி இல்லை. இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கோபயாஷி தினமும் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார் என்று தெரிந்தே எடுங்கள். புதிதாக வந்த சிறுமி நாலு மணி நேரம் பேசியதைக் கொட்டாவி விடாமல் கேட்ட மனிதர் அவர். மதியம் அதைப் படித்துவிட்டு மூன்று மணிக்கு நான் ஒரு பிள்ளையை 'வாயை மூடு' என்று சொன்னால், முப்பது முகம் என்னைப் பார்க்கும்.

முடிந்ததைச் செய்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றானது. விளையாட்டு விழாவில் காய்கறியைப் பரிசாகக் கொடுத்தோம், ஏனென்றால் டோமோயியில் அப்படித்தான். முதல் பரிசு ஒரு முழுப் பூசணி. வென்றவனால் தூக்க முடியவில்லை, தோற்றவர்கள் சேர்ந்து வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முடியாததை முடியாது என்று சொன்னேன், ஏன் முடியாது என்றும் சொன்னேன். சில காரணங்கள் எனக்கே சப்பையாகத்தான் கேட்டன.

கடைசி அத்தியாயம் முடிந்ததும் என்ன செய்வது? விழா மாதிரி ஏதாவது?

1945-இல் விமானத் தாக்குதலில் டோமோயி எரிந்துபோகிறது. சாலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோபயாஷி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று பக்கத்தில் நிற்கும் மகனிடம் கேட்கிறார். அதைப் படித்து முடித்ததும் ஒருத்தி, "கட்டினாரா டீச்சர்?" என்றாள். அதே இடத்தில் ஒரு மழலையர் பள்ளி நடத்தினார், ஆனால் நினைத்த பள்ளியை மறுபடி கட்ட முடியாமலே 1963-இல் இறந்துவிட்டார் என்று சொன்னேன். விழா எதுவும் வைக்கவில்லை. பெல் அடித்தது, பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த புத்தகத்தை உடனே தொடங்காதீர்கள், ஒரு வாரம் சும்மா விடுங்கள். அந்த வாரத்தில்தான் அலமாரிப் பிரதி அதிகம் கைமாறும். எங்கள் பள்ளியில் அது இரண்டாம் நாளே காணாமல் போனது, எடுத்தவர் பெயர் நூலகப் பதிவேட்டில் இல்லை. நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வருடத்துக்கு வேறு பிரதி வாங்கிக்கொண்டேன்.